தீவுக்கும் ஒரு பஞ்சாங்கம்

"நாள் குறிச்சாச்சு சித்தப்பா. எந்தப் பக்கத்துக் கரையில மணவறை போடலாம்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அண்ணன் மகள் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, அவளுக்கு அது பூ அலங்காரத்தைப் போல ஒரு சின்ன விஷயம். கல்யாணம் மாலத்தீவில், மாலேக்கு வடமேற்கே பா அடோலில் உள்ள ஒரு சிறு தீவில். நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடத்தில் தீவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அவ்வளவு சிறிய நிலத்தில் கிழக்கென்ன, மேற்கென்ன? முகூர்த்தம் ஆனி மாதம். ரிசார்ட்டிலிருந்து வந்த படத்தில் மேற்குக் கரை தெரிந்தது. மாவைச் சலித்துக் கொட்டியது போல அகலமான வெண்மணல், அதற்கு அப்பால் மறைகிற சூரியன்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்தப் படம் எந்த மாசம் எடுத்ததும்மா?"

விசாரித்துச் சொன்னாள். பிப்ரவரி.

"அப்படின்னா ஆனியில இந்த மணல்ல பாதி இந்தப் பக்கம் இருக்காது. கிழக்கே போயிருக்கும்."

விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். முப்பது வருடம் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கல்யாணப் பெண்ணிடம் மணலை வைத்து விளையாட மாட்டேன். அன்று ஆரம்பித்த பேச்சு இரண்டு மாதம் ஓடியது. நாள் மாறியது, கரை முடிவானது, அம்மியில் வந்து ஒரு சிக்கல் நின்றது. அந்தத் தீவுகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரு கல்யாண வேலையாக மாறி, மறுபடியும் என்னை வியக்க வைத்தது.

மாலத்தீவில் காற்று இரண்டு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது இருவாய். அதன்பின் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது ஹுளங்கு. திவேஹி மொழியில் ஹுளங்கு என்றாலே மேற்கு. காற்று மாறும்போது அலை வந்து மோதும் பக்கமும் மாறும். அலை, தான் மோதுகிற கரையிலிருந்து மணலைக் கிளப்பி, தீவின் ஓரமாகவே உருட்டிக்கொண்டு போய், காற்றுப் படாத மறைவுப் பக்கத்தில் சேர்த்துவிடும். கீழே பவளத்தளம் அசையாமல் இருக்கிறது, மேலே மணல் மட்டும் நகர்கிறது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்கம் போய்க் குவியுமே, அப்படி. ஆறு மாதம் கழித்துக் காற்று திரும்பினால் தாம்பாளமும் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

இதைப் பால் கென்ச், ராபர்ட் பிராண்டர் என்ற இருவர் பா அடோல் பகுதியிலேயே, தீவு தீவாகக் கரையை அளந்து 2006இல் எழுதினார்கள். நீண்டு ஒடுங்கிய தீவுகளில் மணல் அதிகம் அலைவதில்லை. வட்டமான தீவுகளில்தான் ஆட்டம் பெரிது. சில இடங்களில் கரைக்கோடு ஒரு பருவத்துக்குள் பல பத்து மீட்டர் முன்னும் பின்னும் போகிறது. ஆனாலும் மணல் தீவை விட்டுப் போய்விடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை தீவைப் பிரதட்சிணம் செய்வது போல ஒரு பக்கம் போய், திரும்பி வந்துவிடுகிறது.

வெளியூர்க்காரர்கள் இதை அரிப்பு என்று பதறுகிறார்கள். மணல் குறைந்த பக்கத்தில் கல் அடுக்கிச் சுவர் கட்டுகிறார்கள். மணலைத் தடுத்து நிறுத்தினால் அது மறுபருவத்தில் போய்ச் சேர வேண்டிய கரைக்குப் போகாது. மூச்சு விடுகிற உடம்பைக் கயிற்றால் கட்டுவது போன்ற காரியம் அது. படத்தில் இருக்கிற கடற்கரை பன்னிரண்டு மாதமும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நம் ஆசைதான் பல தீவுகளில் அந்தச் சுவர்களைக் கட்ட வைக்கிறது என்பது என் எண்ணம். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கல்யாணக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. காற்றுக்கு மறைவான பக்கத்தில்தான் கடல் அமைதியாக இருக்கும், மணலும் அங்கேதான் சேர்ந்திருக்கும். இருவாய்க் காலத்தில் அந்தப் பக்கம் மேற்கு. ஆகவே தெளிந்த கடல், அகன்ற மணல், சூரிய அஸ்தமனம் மூன்றும் ஒரே கரையில் கிடைக்கின்றன. ஹுளங்குக் காலத்தில் அதே மேற்குக் கரையில் காற்றும் அலையும் மழையும் மோதும். ஆனியில்தான் செய்வது என்றால் கிழக்குக் கரையில், விடிகாலை முகூர்த்தமாகச் செய்ய வேண்டும். "மழைக்கு ஒரு கூரையும் போட்டுக்கணும்" என்றேன். அண்ணன் பஞ்சாங்கத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

அவர் கையில் பஞ்சாங்கத்தைப் பார்த்ததும் எனக்கு மாலத்தீவுக்காரர்களின் பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது. அவர்கள் வருடத்தை 27 பகுதியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள். அந்தப் பகுதிக்கு நகை என்று பெயர், உச்சரிப்பில் நம் ஆபரணத்தை நினைவூட்டினாலும் அதன் வேர் நட்சத்திரம். பெயர்களைக் கேட்டால் புரியும். அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு, மியஹெலி. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம்! எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இஸ்லாமிய நாடாக இருக்கும் அந்தத் தீவுகளில் மீனவர் மீன் பிடிக்கவும் தோட்டக்காரர் விதைக்கவும் இந்த இருபத்தேழையும்தான் பார்த்துவந்தார்கள். நாம் அக்னி நட்சத்திரம் என்று வெயிலைச் சொல்வதைப் போல, சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதை வைத்து அவர்கள் காற்றையும் மழையையும் சொன்னார்கள்.

அஸ்ஸிதா ஏப்ரல் 8இல் பிறக்கிறது. அதிலிருந்து பதினெட்டு நகை ஹுளங்கு. மூல நகை டிசம்பர் 10இல் பிறக்கிறது. அதிலிருந்து ஒன்பது நகை இருவாய். நம் சித்திரை, சூரியன் அசுவினியில் நுழையும்போது பிறக்கிறது. மார்கழி, மூலத்தில் நுழையும்போது. ஆறேழு நாள் வித்தியாசத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஹுளங்கு சித்திரையிலும் இருவாய் மார்கழியிலும் பிறக்கின்றன. இருவாய் என்பது நம் கணக்கில் மார்கழி, தை, மாசி, பங்குனி. மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. மிஞ்சிய மூன்று மாதங்கள்தான் மாலே பக்கம் வானம் மிகத் தெளிவாக, மழை மிகக் குறைவாக இருக்கும் காலம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனி போனது. பங்குனி வந்தது.

புயலைப் பற்றி அண்ணி கேட்டார். சென்னைக்காரர்கள் கேட்காமல் இருக்க முடியாது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அது பூச்சியம், அதன் அருகில் மிகக் குறைவு. மாலே நான்கு பாகை வடக்கில் இருப்பதால் அங்கே புயல் உருவாவது அரிது. அதற்காகக் கடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று அர்த்தமில்லை. 2007 மே மாதம், உள்ளூரில் பெரிய காற்றே இல்லாமல், பல தீவுகளில் அலை ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. அந்த அலைகளை எழுப்பிய புயல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே அடித்தது. யாரோ எங்கோ தட்டிய கதவு நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து திறந்தது போல.

மாதம் முடிவானதும் திதி. இங்கேதான் எனக்குப் பெரிய சந்தோஷம் கிடைத்தது. கடல் ஏறி இறங்குவது நிலவாலும் சூரியனாலும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பாதி நிலவன்று, அதாவது அஷ்டமியை ஒட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுப்பதால் ஆட்டம் மிகக் குறைவு. ஆனால் கடல் பெரிய உடம்பு, சொன்னவுடன் கேட்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் தாமதித்தே அடங்கும். ஆகவே கடல் மிக அடக்கமாக இருப்பது நவமி, தசமி. அஷ்டமி, நவமியில் நாம் நல்ல காரியம் செய்வதில்லை. தசமியில் செய்வோம். வளர்பிறை தசமி என்றால் பொழுது சாயும்போதே நிலவு கிழக்கு வானில் உயர ஏறி நின்றிருக்கும், நள்ளிரவு தாண்டியும் வெளிச்சம் தரும்.

மாலேயில் கடல் ஏறி இறங்குவது அதிகபட்ச நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அந்த நாட்டில் நிலத்தின் சராசரி உயரமே சுமார் ஒன்றரை மீட்டர். சரிந்து போகும் மணலில் ஒரு முழம் தண்ணீர் ஏறினால் மணவறையின் முன்கால்கள் நனைந்துவிடும். பங்குனி வளர்பிறை தசமி என்று அண்ணன் எழுதி வைத்ததைப் பார்த்தபோது, அந்த நாளில் மணல், காற்று, ஓதம், நிலவு நான்கும் ஒத்துப்போயின. நம் முன்னோர் இதையெல்லாம் நினைத்துத்தான் தசமியை வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும் இரண்டு கணக்குகளும் ஒரே நிலவைப் பார்த்துப் போட்டவை, எங்காவது ஓரிடத்தில் சந்திக்கத்தானே வேண்டும்.

பிறகு அம்மி.

சாமான் பட்டியலில் வாழைமரம், மாவிலை, அரசாணிக்கால் என்று எழுதிக்கொண்டே வந்த அண்ணி, "அம்மி அங்கேயே ஒண்ணு கிடைக்காதா?" என்றார். கருங்கல் அந்த மண்ணில் கிடையாது. ஆயிரத்து இருநூறு தீவுகளில் எதைத் தோண்டினாலும் பவளச் சுண்ணாம்பு, அதற்கும் கீழே இன்னும் சுண்ணாம்பு. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டால்தான் எரிமலைப் பாறை வரும்.

அந்தப் பாறைக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் தக்காணப் பீடபூமியின் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பப் புள்ளி, இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, அடுத்தடுத்து எரிமலைகளை எழுப்பிக்கொண்டே வந்தது. மாலத்தீவின் அடித்தளம் அப்படிச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் கழித்து எழுந்தது. இன்று அந்த அடுப்பு ரீயூனியன் தீவுக்குக் கீழே எரிகிறது. அணைந்த எரிமலைகள் மெல்ல மெல்லக் கடலில் அமிழ்ந்தன. அவற்றின் தோளில் வளர்ந்த பவளங்களுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும், ஆழத்தில் உயிர்வாழ முடியாது. ஆகவே தரை அமிழ அமிழ அவை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, அதைச் சுற்றியிருந்த வளையம் நின்றது. 1842இல் வெளியான நூலில் சார்ல்ஸ் டார்வின் சொன்ன விளக்கம் இது. பனியுகங்களில் கடல் மட்டம் ஏறி இறங்கியதற்கும் இந்த வடிவத்தில் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். அந்த வளையத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் அடோல் என்ற சொல், திவேஹியின் அதொளுவிலிருந்து போனது. மூன்று தாத்தாக்களுக்கு முன்னால் இருந்தவர் கட்டிய வீட்டின் மேல் தலைமுறை தலைமுறையாக மாடி எழுப்புவதைப் போல, இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எலும்புக்கூட்டின் மேல் எலும்புக்கூடு.

அந்த வெண்மணல் எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னபோது, அண்ணன் மகளின் முகம் முதலில் சுளித்து, பிறகு மலர்ந்தது. பெரும்பகுதி மீனின் வயிற்றிலிருந்து. கிளிமீன் என்று நம் மன்னார் வளைகுடாவிலும் சொல்லுகிற வண்ண மீன், கிளியின் அலகைப் போன்ற வாயால் செத்த பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டுகிறது. பாசியோடு சுண்ணாம்பும் வரும். தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது பல்வரிசை அதை அரவை இயந்திரம் போல மாவாக்குகிறது. சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெள்ளை மேகமாகக் கழித்துவிட்டுப் போகிறது. பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். கிறிஸ் பெர்ரியும் அவர் குழுவினரும் இதே பா அடோலின் வக்கரு தீவைச் சுற்றிக் கணக்கெடுத்து 2015இல் வெளியிட்டார்கள்: அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் அரைத்தது. மிச்சத்தில் கணிசமான பங்கு, உடம்பிலேயே சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளும் ஒரு பச்சைப் பாசியுடையது. மாலத்தீவில் இன்று கிளிமீனைப் பிடிக்கத் தடை இருக்கிறது. தங்கள் நிலத்தைச் செய்கிறவனைத் தின்னக்கூடாது என்று ஒரு நாடு முடிவு செய்தது எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் ஒன்று.

இப்படிச் சேர்ந்த மணல் தீவாக எழுந்து நான்காயிரம், ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது. எங்கள் வீட்டு அம்மி பல்லாவரத்துக் கல். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குப் போன அதே வகைக் கருங்கல். அவர் பெயரால் சார்னக்கைட் என்று அழைக்கப்படுவது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்தப் பெண் ஐயாயிரம் வயது மணலில் நின்று, 250 கோடி வயதுக் கல்லின் மேல் கால் வைப்பாள். இதைக் கேட்டதும் அண்ணி பட்டியலில் அம்மியை மேலே எழுதிவிட்டார். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. மாலேயிலிருந்து தீவுக்குப் போவது கடல் விமானத்தில். பதினைந்து பேர் உட்காரும் சிறிய விமானம், ஆளுக்குச் சுமார் இருபது கிலோ பெட்டி. பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், ஏனென்றால் இறங்குவது விளக்கில்லாத கடல் மேல். அலையை விமானி கண்ணால் பார்த்தாக வேண்டும். மாலையில் மாலே வந்து சேர்கிறவர்கள் இரவு அங்கேயே தங்கி மறுநாள்தான் போகமுடியும். ஆகவே அறுபது விருந்தாளிகளுக்கும் காலை விமானம். சின்ன அம்மி ஒன்று, ஒன்பது கிலோ, அண்ணியின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே.

அறுபது பேர் என்றதும் எனக்குத் தண்ணீர்க் கவலை வந்தது. ஆறில்லை, ஏரியில்லை, ஆனால் இந்தத் தீவுகளில் மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கிணற்று நீர் குடித்து வாழ்ந்திருக்கிறார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கீழே ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. ஆயிரம் லிட்டருக்கு இருபத்தைந்து கிலோ வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது சாண் இருக்கவேண்டும். பனிக்கட்டி மிதப்பது போலத்தான், பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கீழே. நடைமுறையில் ஓதம் கலக்கிக்கொண்டே இருப்பதால் சிறு தீவுகளில் அந்த நன்னீர்த் தட்டு சில மீட்டர் கனம்தான். அளவோடு இறைத்தால் மழை நிரப்பிவிடும். பேராசையோடு இறைத்தால் உப்பு மேலே வரும், வந்தால் திரும்பிப் போக நாளாகும்.

மாலே நகரம் தன் தட்டை எப்போதோ இறைத்துத் தீர்த்துவிட்டது. இப்போது நகரமும் ரிசார்ட்டுகளும் கடல்நீரை வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தத்தில் சவ்வுக்குள் தள்ளிக் குடிநீர் எடுக்கின்றன. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம், அதில் பெரும்பங்கு கப்பலில் வந்த டீசல் எரிந்து வருவது. 2014 டிசம்பர் 4ஆம் தேதி மாலேயின் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தபோது, சுற்றிலும் கடல் இருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாயில் சொட்டு நீர் வரவில்லை. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அழைப்பிதழோடு விருந்தாளிகளுக்கு அனுப்பும் குறிப்பில் தண்ணீரைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னேன். எழுதினாள்.

சில விஷயங்களைச் சுருக்கமாக முடித்தோம். பதிவுத் திருமணத்தை ஊரிலேயே செய்துகொண்டு, சடங்கை மட்டும் தீவில் செய்வது. வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதியில்லை. அவர்கள் நாடு, அவர்கள் முறை, மதிக்க வேண்டும். திரும்பும்போது பவளத்துண்டு ஒன்றும் எடுத்துவரக் கூடாது. வெளியூர்க்காரர் அங்கே போய் மாலை மாற்றுவது ஒன்றும் புதிதில்லை. 1343இல் போன இப்னு பதூதா, அங்கே நீதிபதியாக வேலை பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட திருமணமும் செய்துகொண்டார். அங்கிருந்து இலங்கைக்கும், பிறகு மதுரைக்கும் வந்தார். மாசிக் கருவாட்டைச் சம்பலில் போடும் யாழ்ப்பாணத்துச் சமையலறைக்கும் அந்தத் தீவுகளுக்கும் நடுவே ஓடிய கடல்வழியில்தான் அவரும் வந்திருப்பார்.

நாளும் கரையும் முடிந்தபின் நேரம். காலை முகூர்த்தத்துக்கும் மேற்குக் கரையே நல்லது என்றேன். சூரியன் தீவின் மறுபக்கம் எழும். தென்னைகளின் நிழல் நெடுநேரம் மணலில் கிடக்கும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் ஓமப்புகையும் கூரைகள் பக்கம் திரும்பாமல் கடலுக்குப் போய்விடும். ஆனால் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். மார்ச் கடைசி நாட்களில் மாலேயில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. பந்திக்குக் கண்டிப்பாகக் கூரை வேண்டும்.

மாலை வரவேற்புக்குப் புகைப்படக்காரர் ஒரு மணி நேரம் அந்தி வெளிச்சம் கேட்டிருந்தார். கிடைக்காது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் சாய்வாக நழுவுவதில்லை, கிணற்றில் விழும் வாளியைப் போல நேராக இறங்கும். அஸ்தமனம் ஆறேகாலுக்கு என்றால் வெளிச்சம் இருபது நிமிடம், கூடினால் இருபத்திரண்டு. ஜூன் மாத லண்டனில் அது முக்கால் மணி. வருடம் முழுக்கப் பார்த்தாலும் மாலேயில் அஸ்தமன நேரம் அரைமணிக்கு மேல் மாறுவதில்லை.

இருட்டியபின் வரும் வானம்தான் நான் அவளுக்குக் கொடுக்க நினைத்த சீர். நம் கல்யாணங்களில் பகலில், மண்டபத்து வாசலில் நின்று, அருந்ததியைக் காட்டுகிறோம், தெரிந்ததாகத் தலையாட்டுகிறோம். அங்கே அன்றிரவு உண்மையிலேயே பார்க்கலாம். பங்குனியில் இரவு எட்டு மணிவாக்கில் சப்தரிஷி மண்டலத்தின் வால் வடகிழக்குக் கடலிலிருந்து எழும்பத் தொடங்கும். ஒன்பதரைக்கு வசிட்டரும் பக்கத்தில் அருந்ததியும் நன்றாக மேலே வந்துவிடுவார்கள், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில். துருவ நட்சத்திரத்தைத் தேடினால் தொடுவானத்தின் மேல் நான்கு பாகையில், பெரும்பாலும் கடல் மங்கலுக்குள் கிடக்கும். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த அட்சரேகைதான் துருவத்தின் உயரம். சென்னையில் பதின்மூன்று பாகை. மாலத்தீவின் தென்கோடியான அட்டு அடோல் நிலநடுக்கோட்டைத் தாண்டியது. அங்கே நிலைத்து நிற்பதற்கு அடையாளமாக நாம் காட்டும் அந்த நட்சத்திரம் கடலுக்கு அடியில் போய்விடும்.

எல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக ஒன்றைச் சொன்னேன். நிலவைப் பார்த்து நாள் குறிப்பது மனிதர்கள் மட்டுமில்லை. பவளங்களும் குறிக்கின்றன.

பவளம் நகராது. ஒன்றை ஒன்று தேடிப் போகாது. ஆகவே ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரு திட்டு முழுவதும் முட்டையும் விந்தும் கடலில் விடவேண்டும்; நேரம் பிசகினால் வீண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டில் 1980களின் தொடக்கத்தில்தான் இதை அறிவியல் கண்டுகொண்டது. தண்ணீரின் வெப்பம் மாதத்தைச் சொல்கிறது, நிலவு நாளைச் சொல்கிறது, சூரியன் மறைந்தது நேரத்தைச் சொல்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத உயிர் பௌர்ணமியை எப்படி அறிகிறது? தைவானில் ஒரு பவள இனத்தை வைத்து 2021இல் வெளியான ஆய்வில் அழகான பதில் ஒன்று கிடைத்தது. பௌர்ணமி வரை சூரியன் மறையும் முன்பே நிலவு வானில் இருக்கும், இடையில் இருட்டே இல்லை. பௌர்ணமி தாண்டிய மறுநாள் நிலவு தாமதமாக எழும். சூரியன் போனபின் நிலவு வருவதற்குள் ஒரு சின்ன இருட்டு இடைவெளி. அந்த இருட்டுத்தான் அதற்கு மணியோசை.

மாலத்தீவில் அக்ரோபோரா என்ற கிளைப்பவளங்கள் பல, மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் இதைச் செய்கின்றன. மார்ச்-ஏப்ரல் முழுநிலவு என்றால் நமக்குப் பங்குனி உத்திரம். சிவனுக்கும் பார்வதிக்கும், முருகனுக்கும் தெய்வானைக்கும் கோயில்கள்தோறும் திருக்கல்யாணம் நடக்கிற நாள்.

இளஞ்சிவப்பு உருண்டைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு கண்ணிலும் முதலில் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு கணத்தில் எல்லாம் விடுபட்டு மேலே எழும். கீழிருந்து மேலே பெய்கிற மழை. மேற்பரப்பில் உடைந்து கலந்து, கருவான இளம் உயிர்கள் நாள் கணக்கில் மிதந்து, ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும். 1998இல் கடல் சூடேறியபோது மாலத்தீவின் ஆழமற்ற திட்டுகளில் பல இடங்களில் பத்துக்கு ஒன்பது பவளம் வெளுத்துச் செத்தது. 2016இல் மறுபடியும் வெளுத்தது. இரண்டு முறையும் திட்டுகள் மீண்டு எழ முயன்றது இப்படிப்பட்ட இரவுகளில் பிறந்தவற்றைக் கொண்டுதான். அவை எழாவிட்டால் கிளிமீனுக்கு மேய்ச்சல் இல்லை, தீவுக்கு மணல் இல்லை.

"அது என்னைக்கு சித்தப்பா?"

"உன் கல்யாணம் தசமி. அதுக்கு அஞ்சு நாள் கழிச்சுப் பௌர்ணமி. முன்னப்பின்ன ஒரு சில ராத்திரி. என்னைக்குன்னு கடல்தான் சொல்லும்."

கல்யாணத்துக்கு மறுநாள் மாலை புறப்படுவதாக எடுத்திருந்த டிக்கெட்டை அவளும் மாப்பிள்ளையும் அன்றே மாற்றிவிட்டார்கள், பௌர்ணமி கழித்து நான்காம் நாளுக்கு. இரண்டு பேரும் இப்போது அடையாறில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய், மூச்சுக்குழாய் வைத்து முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மிதக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.